மறைக்க வேண்டியதும் மறைக்கக் கூடாததும்

குறிஞ்சிப்பாடி போன்றதோர் ஊரின் அரசு மருத்துவமனைக்குக் காலை வேளையில் சென்று பார்த்தால் புறநோயாளிகளின் வரிசை வாசல் வரை நீண்டிருக்கும். தறிக்குழியில் அமர்ந்து முதுகு வளைந்த நெசவாளி, நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவர், முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் மூதாட்டி, வளைகுடா நாட்டிலிருக்கும் கணவனின் தொலைபேசி அழைப்பை எதிர்நோக்கிப் பிள்ளைகளை வளர்க்கும் இளந்தாய் எனப் பலரும் அதில் நிற்பர். தலைவலி என்பார் ஒருவர். நெஞ்சு படபடக்கிறது என்பார் மற்றொருவர். கைகால் எரிகிறது, சோறு இறங்கவில்லை, இரவெல்லாம் கண் மூடவில்லை என்பர் இன்னும் சிலர். மருத்துவர் நாடி பார்ப்பார், இரத்த அழுத்தம் அளப்பார், மாத்திரை எழுதுவார். அடுத்த வாரம் அதே மனிதர் அதே வரிசையில் அதே நோயைச் சொல்லி நிற்பார்.

இவர்களுள் ஒரு பகுதியினரின் நோய் உள்ளத்தில் இருக்கிறது என்பதை உலகெங்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பணியாற்றியவர்கள் நெடுங்காலமாக அறிவர். அவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். நம் மொழியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. துயரத்தைச் சொல்ல வந்த தமிழன் ‘வயிறு எரிகிறது’ என்கிறான். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்கிறான். ‘ஈரல் குலை நடுங்கியது’ என்கிறான். உள்ளத்து வலிக்கு உடலின் உறுப்புகளையே சொல்லாக்கி வைத்திருக்கும் ஒரு மக்கள் கூட்டம், அவ்வலியை எடுத்துக்கொண்டு காய்ச்சலுக்கு வைத்தியம் செய்யும் இடத்திற்கு வருவதில் வியப்பொன்றுமில்லை. அவர்கள் சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறார்கள். அவ்வாசலுக்குள்ளே அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான் இன்றைய வினா.

இதனை ஏதோ நிருவாகச் செய்தி என்று எண்ணி ஒதுக்கிவிடலாகாது. மனநோய்க்கெனத் தனி இடம், தனிக் கட்டடம், தனி மருத்துவர் என்று வைப்பதா, அல்லது சளிக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் அறைக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் தருவதா என்பதற்குள் ஒழுக்கவியல் சார்ந்த ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பிறர் அறியாமல் காக்க வேண்டியது எது? பிறர் அறியச் சொல்லியே ஆக வேண்டியது எது? நம் சமுதாயம் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் எத்தனை வீடுகளில் எத்தனை உயிர்கள் வாடுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வினாவை ஓர் இலக்கிய ஏட்டில் எழுப்புவதும் பொருத்தமே எனப்படும்.

சென்னைப் பட்டணத்தில் சித்தம் கலங்கியவர்களுக்கென ஒரு விடுதி 1794இல் தோன்றியது. இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் அதுவே. அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், தென்னாற்காட்டு மாவட்டத்துக் குடும்பம் ஒன்றில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் இரண்டே வழிகள்தாம் இருந்தன. கயிற்றால் கட்டி ரயிலேற்றிக் கீழ்ப்பாக்கம் கொண்டு போவது ஒன்று. தர்காவுக்கோ கோயிலுக்கோ கொண்டுபோய் விடுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எதுவும் இல்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே வசைச் சொல்லாக மாறியதன் காரணம் இதுதான். தூரத்தில் உயர்ந்த மதிலுக்குள் வைக்கப்பட்ட நோய்க்கு அச்சம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள் ஆரம்பச் சுகாதாரம் அனைவருக்கும் உரியது என்று பறைசாற்றின. இந்திய அரசு 1982இல் தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தது. மனநல மருத்துவத்தைச் சிற்றூர்ச் சுகாதார நிலையம் வரை கொண்டு செல்வதே அதன் உயிர்நாடி. கருநாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அதைச் செய்து காட்டினர். சாதாரண மருத்துவர்களும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களும் குறுகிய காலப் பயிற்சி பெற்றால் பெரும்பாலான மனநோயாளிகளை அவரவர் ஊரிலேயே கவனித்துக்கொள்ள முடியும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, இந்தியாவில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர் 2017இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமோ, ஆரம்ப நிலை முதற்கொண்டு எல்லா மட்டத்திலும் பொது மருத்துவத்தோடு மனநல மருத்துவத்தை இணைக்க வேண்டியது அரசின் கடமை என்றே விதித்துவிட்டது.

சட்டம் வந்தது, திட்டம் வந்தது. ஆயினும் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மருத்துவம் தேவைப்படுவோருள் நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை அதைப் பெறாமலேயே இருக்கின்றனர் எனக் கண்டறிந்தது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்கு அரை மைல் தொலைவில் மருத்துவர் இருந்தும் போகாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி என்ன சொல்வது?

இங்கேதான் நாம் நம் வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது.

பிறர் குறையை மறைப்பது இசுலாத்தில் உயர்ந்த பண்பு. ஒரு முஸ்லிமின் மானத்தை மூடிக் காப்பவனின் மானத்தை அல்லாஹ் மூடிக் காப்பான் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே பாடம் செய்கின்றனர். இப்பண்பு நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த நபிமொழி மூடச் சொல்வது குற்றத்தை. தவறி விழுந்தவனின் பிழையை. நோய் குற்றமா? காலொடிந்தவனின் காலை நாம் மூடி மறைப்பதில்லை. காசநோய் கண்டவனைக்கூட இப்போது மறைப்பது குறைந்துவிட்டது. சித்தம் கலங்கிய மகளை மட்டும் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டி, வருவோரிடம் ‘மாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள்’ என்கிறோமே, அப்போது நாம் யாருடைய மானத்தைக் காக்கிறோம்? அவளுடையதையா? அன்று. வீட்டின் மற்றப் பெண்களுக்கு வரன் அமையாமற் போய்விடுமோ என்ற அச்சத்தையே காக்கிறோம். அந்த அச்சம் பொய்யானதன்று; அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதுதான் தவறு.

மார்க்கம் இந்நோயாளியை எவ்வளவு மென்மையாக நடத்துகிறது என்பதைப் பாருங்கள். மூவர் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது புகழ்பெற்ற நபிமொழியின் சாரம்: உறங்குபவர், பருவமடையாக் குழந்தை, அறிவு பேதலித்தவர். அவர்கள் செய்வது ஏட்டில் ஏறாது. திருமறையின் நிஸா அத்தியாயமோ, சொத்தை ஆளும் திறனற்றவர்களுக்கு அச்சொத்திலிருந்தே உணவும் உடையும் அளிக்கவும், அவர்களிடம் இனிய சொல் பேசவும் கட்டளையிடுகிறது. உணவும் உடையும் போதாவென்று இனிய சொல்லையும் சேர்த்தது கவனிக்கத் தக்கது. இறைவன் கணக்கிலிருந்தே நீக்கிவிட்ட ஒருவரை ஊரார் கணக்கிலே குற்றவாளியாக எழுதி வைத்திருக்கிறோம்.

மறைப்பதன் விலை என்ன என்பதற்கு நாடறிந்த சான்று ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சையிது இபுறாகீம் ஷஹீது பாதுஷா நாயகம் அவர்களின் தர்கா நெடுங்காலமாகச் சித்தம் கலங்கியோரின் புகலிடம். எல்லாச் சமயத்தவரும் அங்கே வருவர். அந்த ஊரில் தனியார் சிலர் காப்பகங்கள் நடத்தி வந்தனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளேயிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். தர்காவைப் பழிப்பதற்கு இதனைச் சிலர் அப்போதே பயன்படுத்திக்கொண்டனர். காப்பகம் தர்காவினுடையதன்று என்று நம்மவர்கள் மறுத்தனர், அம்மறுப்பு உண்மையே. ஆயினும் என் உள்ளத்தை அறுப்பது வேறொன்று. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களின் தாய், தந்தை, உடன்பிறந்தார். தம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் அந்நோய்க்கு ஒரு சொல்லும் ஒரு மாத்திரையும் கிடைத்திருக்குமானால் அவர்களுள் எத்தனை பேர் அவ்வளவு தொலைவு வந்திருப்பார்கள்? எத்தனை பேர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருப்பார்கள்?

அத்தீக்குப் பின்னர் அரசு அத்தகைய காப்பகங்களை மூடியது. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியால் பிணைப்பதை எவ்வடிவிலும் தடை செய்யும் விதி பின்னாளில் சட்டத்திலேயே இடம்பெற்றது. இவற்றினும் மேலான ஒன்றும் நிகழ்ந்தது. குஜராத் மாநிலத்து உனாவாவில் மீரா தாத்தார் தர்காவில் 2008 முதல் ‘தவாவும் துஆவும்’ என்ற பெயரில் ஒரு முயற்சி நடைபெற்றது. தர்காவின் முஜாவிர்கள் துஆச் செய்வார்கள். செய்துவிட்டு, அதே வளாகத்தில் அமர்ந்திருக்கும் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். நோயாளியை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. எதையும் விடச் சொல்லவில்லை. பின்னர் ஏர்வாடியிலும் அதே வழி பின்பற்றப்பட்டு, தர்காவிலேயே அரசு மருத்துவர் அமர்ந்து மருந்து தரும் நிலை உருவாயிற்று. மருத்துவமனைக்குள் மனநலத்தைக் கொண்டு வருவது ஒரு வகை இணைப்பு என்றால், மக்கள் ஏற்கெனவே நாடிச் செல்லும் இடத்துக்கு மருத்துவத்தைக் கொண்டு போவது மற்றொரு வகை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நோயாளி வந்து நிற்கும் வாசலை மாற்றாதே, அவ்வாசலுக்குள் வேண்டியதை வை.

துஆவும் மருந்தும் ஒன்றையொன்று மறுப்பனவா என்ற கேள்விக்கு விடை சொல்ல நெடுநேரம் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க நினைத்தவரை முதலில் கட்டிவிட்டு வரச் சொன்ன சமுதாயம் நாம். ஆயினும் இதைவிட நுட்பமான ஓர் ஐயம் நம்மவர் உள்ளத்தில் இருக்கிறது. உடல் நோய்க்கு மருந்து சரி. ஆனால் உள்ளத் துயரம் என்பது ஈமானின் பலவீனமல்லவா? தொழுகையும் திக்ரும் இருக்கையில் மூமினுக்கு மனச்சோர்வு வரலாமா?

வரலாம் என்பதைத் திருமறையே காட்டுகிறது. யூசுப் நபியைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் நபி அவர்களின் கண்கள் வெளுத்துப் பார்வை மங்கின. அவர்களுக்கு ஈமான் குறைவு என்று சொல்லத் துணிவார் யார்? பிள்ளைப் பேற்றின் வேதனையில் பேரீச்ச மரத்தடியில் சாய்ந்திருந்த மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் மடிந்திருக்கக் கூடாதா என ஏங்கினார்கள். குழந்தையை ஆற்றில் விட்ட மூஸா நபியின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிப் போயிற்று. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டினைத் துக்க ஆண்டு என்றே நம் வரலாறு பெயரிட்டிருக்கிறது. துக்கம் இவர்களைத் தீண்டியபோது எவரும் இவர்களை இகழவில்லை. மேலும், மரணம் நிகழ்ந்த வீட்டாருக்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் செய்வது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம். துக்கத்தால் வாடிய உள்ளத்துக்கு அது இதம் தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அவர்களே அறிவித்திருக்கிறார்கள். துயரத்திற்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதில் ஈமானுக்குக் குறைவில்லை எனில், மாத்திரை கொடுப்பதில் மட்டும் எங்கிருந்து வந்தது குறைவு?

உடலையும் உள்ளத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்ப்பது மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமையும் அன்று. பல்கு நாட்டைச் சேர்ந்த அபூ ஸைது அல்பல்கீ (850-934) என்னும் பேரறிஞர் உடல்களின் நலத்தையும் ஆன்மாக்களின் நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். உடலும் உள்ளமும் ஒன்றையொன்று தாக்குவன. ஆகவே உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடும் மருத்துவம் அரைகுறையானது என்பது அவர் கொள்கை. சினம், அச்சம், துயரம், மீண்டும் மீண்டும் வந்து மொய்க்கும் வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே பகுத்து ஆராய்ந்தவர் அவர். டமாஸ்கஸில் நூருத்தீன் 12ஆம் நூற்றாண்டில் நிறுவிய பீமாரிஸ்தானிலும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய பெரும் மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கான பகுதி பொது மருத்துவமனையின் உள்ளேயே இருந்தது. காய்ச்சல்காரனும் சித்தம் கலங்கியவனும் ஒரே வாசலில் நுழைந்தனர். இதைச் சொல்லிவிட்டு நாம் மார்தட்டிக்கொள்வது எளிது. நம் ஏடுகளில் அது அடிக்கடி நிகழ்கிறது. ஆனால் அந்நாளைய பீமாரிஸ்தான்களிலும் முற்றிய நோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருந்ததைப் பயணிகள் பதிவு செய்திருக்கின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்னோரின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவது அறிவுக்கு அழகன்று.

இனி, எதிர்வாதங்களுள் வலிமையானதைப் பார்ப்போம். அது நெய்வேலி மண்ணிலிருந்தே எழுகிறது.

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராக நிலம் கையகப்படுத்தப்பட்டு வருகிறது. நிலத்தைக் கொடுத்தவன் பேரனுக்கு நிரந்தர வேலை இல்லை. ஒப்பந்த வேலை கிடைத்தால் அதுவே பெரிது. 2020ஆம் ஆண்டு மே, ஜூலை மாதங்களில் அனல்மின் நிலையத்துக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெற்பயிரை மண்வாரி இயந்திரங்கள் புரட்டிப் போட்டதை நாடே பார்த்தது. அந்த வயலுக்குரியவன் இரவில் உறங்கவில்லை என்று சுகாதார நிலையத்துக்கு வருகிறான். அவனுக்கு மனச்சோர்வு என்று பெயரிட்டு மாத்திரை கொடுத்தனுப்பினால், அது மருத்துவமா? நியாயமான ஆத்திரத்தை நோயாக்கி அடக்குவதாகாதா? கடன்பட்டவனுக்குக் கடன் தீர வேண்டும்; வேலையிழந்தவனுக்கு வேலை வேண்டும். இவற்றைச் செய்ய இயலாத அரசு, ஆறுதல் சொல்லும் அறை ஒன்றைத் திறந்து வைத்துத் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ளலாமா?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. இதை எளிதில் தள்ளிவிடுபவர் வறுமையை அறியாதவர். ஆனால் இதற்குரிய விடையின் வித்து அல்பல்கீயிடமே இருக்கிறது. துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. பொருளிழப்பு, உறவிழப்பு போன்றவற்றால் வருவது. காரணம் புலப்படாமல் உடலிலிருந்தே மூண்டெழும் துயரம் மற்றொன்று. முதலாவதற்குச் சொல்லும் சிந்தனையும் துணையும் மருந்து. இரண்டாவதற்கு உடல் மருத்துவமும் தேவை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் செய்த இப்பகுப்பு இன்றைக்கும் ஒரு மருத்துவரைக் காக்கும். வயலை இழந்தவனிடம் முதலில் கேட்க வேண்டியது வயலைப் பற்றியே. அதைக் கேட்காமல் மாத்திரை எழுதினால் அது அநீதிக்குத் துணைபோவதே. ஆயினும், நியாயமான துயரமும் ஒருவனை எழமுடியாமல் செய்துவிடக்கூடும். உண்ணாமல் உறங்காமல் பிள்ளைகளின் முகம் பாராமல் கிடப்பவனால் வழக்காடவும் இயலாது, போராடவும் இயலாது. காலில் வெட்டுப்பட்டவனுக்கு வெட்டியவன் மீது வழக்கும் வேண்டும், காலுக்குக் கட்டும் வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்டுவந்த துஆ ஒன்றில் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் காவல் தேடிய அதே மூச்சில் கடன் சுமையிலிருந்தும் மனிதர்களின் ஆதிக்கத்திலிருந்தும் காவல் தேடியிருக்கிறார்கள். அவற்றை வேறு வேறு துறைகளாக அவர்கள் பிரிக்கவில்லை.

மற்றோர் எதிர்வாதம் நடைமுறையைச் சார்ந்தது. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒருவரின் உள்ளத்தைக் கேட்க நேரமேது? தூக்க மாத்திரையை எழுதித் தள்ளிவிட மாட்டாரா? தள்ளிவிடக்கூடும், பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே கேட்கும் வேலையை மருத்துவரிடம் விடலாகாது என்பதே கோவாவில் நடந்த ஆய்வின் பாடம். ‘மானஸ்’ என்ற பெயரில் அங்கே 24 மருத்துவ நிலையங்களில் ஒரு முயற்சி செய்யப்பட்டு, அதன் முடிவுகள் 2010இல் வெளியாயின. மருத்துவப் பட்டமில்லாத உள்ளூர்ப் பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து, நோயாளிகளிடம் பேசவும் தொடர்ந்து விசாரிக்கவும் அமர்த்தினர். அரசு நிலையங்களில், அத்தகைய துணை பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேர் ஆறு மாதத்தில் குணமடைந்திருந்தனர். பெறாதவர்களுள் 42 பேரே. தனியார் மருத்துவரிடம் சென்றவர்களிடையே இவ்வேறுபாடு தென்படவில்லை என்பது சுவையான செய்தி. குடும்ப வைத்தியர் ஏற்கெனவே உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போலும்! நம் ஊர்களில் இருந்த பழைய ஹகீம்களையும், ‘உம் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தாயிற்றா?’ என்று கேட்டுவிட்டே நாடி பார்த்த மருத்துவர்களையும் நினைவுகூர்ந்தால் இது விளங்கும்.

இரகசியம் என்னாகும் என்பது பெண்களின் கேள்வி. அது நியாயமானது. சிற்றூரில் மருந்து கட்டிக் கொடுப்பவர் அடுத்த தெருக்காரர். சீட்டுப் பதிபவர் சம்பந்தியின் உறவினர். கீழ்ப்பாக்கத்தில் இல்லாத ஆபத்து குறிஞ்சிப்பாடியில் உண்டு. இங்கேதான் நான் முன்னர்ச் சொன்ன மறைத்தல் என்னும் பண்பு தன் உரிய இடத்தை அடைகிறது. நோய் உண்டென்பதை நோயாளி மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அறிந்ததை மருத்துவமனையார் ஊரிடம் மறைத்தே தீர வேண்டும். பின்னதைச் சட்டமும் நோயாளியின் உரிமையாக ஆக்கியிருக்கிறது. ஒரே வாசல், ஒரே சீட்டு, ஒரே வரிசை என்று இருப்பதில் உள்ள பெரும்பயனும் இதுவே. வரிசையில் நிற்பவர் சர்க்கரைக்காக நிற்கிறாரா, துயரத்துக்காக நிற்கிறாரா என்பது யாருக்குத் தெரியும்? தனிக் கட்டடத்தின் படியேறுபவரையே ஊர் பார்க்கும்.

குடியைப் பற்றி இங்கே சொல்லாமற் போனால் கடமை தவறியவனாவேன். மற்றச் சமுதாயத்தில் குடிப்பவன் குடிப்பதைச் சொல்கிறான். நம்மிலே குடிப்பவன் ஹராமைச் செய்த குற்றவுணர்வோடு குடிக்கிறான். மனைவி அதை மாமியாரிடம் மறைக்கிறாள். மாமியார் ஜமாஅத்திடம் மறைக்கிறாள். வயிற்று வலி என்று மருத்துவரிடம் போகிறான். ஈரல் கெட்ட பின்னரே உண்மை வெளிவருகிறது. செயல் பாவமே. அதைத் தவ்பாவால் கழுவ வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் விட நினைத்தும் விட முடியாமல் கை நடுங்குபவனுக்கு, குடியை நிறுத்தும் முதற் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பது மருத்துவ உண்மை. தவ்பாச் செய்துவிட்டு வீட்டில் தனியே படுத்திருக்கும் அவனுக்கு அந்நாட்களில் மருத்துவர் தேவை. அவனை அங்கே அழைத்துப் போவதற்கு முத்தவல்லி கூச்சப்படலாகாது.

தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரின் வீடு இன்னும் இறுக மூடிக்கொள்ளும். காவல் நிலையம் வருமோ என்ற அச்சம் முன்பு இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது, அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. தற்கொலை ஹராம் என்பதில் நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதே உலமாக்களுள் பெரும்பாலோர், அவ்வாறு இறந்தவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்றே தீர்ப்பளித்திருக்கின்றனர். சட்டமும் ஃபிக்ஹும் இவ்வளவு தூரம் வந்துவிட்ட பின்னரும் தெருவின் நாக்கு மட்டும் வரவில்லை. நம் மாவட்டத்திலேயே, லால்பேட்டைக்கு அடுத்த காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றிவரும் ‘சினேகா’வைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் முதலானோர் ஒரு சோதனை செய்தனர். பயிர்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டுள்ள பெட்டி கொடுத்து வைக்கச் செய்தனர். வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். உயிரை வெறுக்கும் அந்த ஒரு நாழிகைக்கும் நஞ்சுக்கும் இடையே சிறிது தொலைவை ஏற்படுத்துவதே நோக்கம். மனநல மருத்துவம் என்றதும் நாம் நினைப்பது மூடிய அறையும் படுக்கையும்தான். ஒரு பூட்டும் அதில் அடங்கும் என்பதை இம்முயற்சி எனக்கு உணர்த்தியது.

ஜமாஅத்துகளால் ஆகக்கூடியது என்ன? வெள்ளி மேடையில் ஆண்டுக்கு இருமுறையாவது இதைப் பற்றி ஒரு பயான் நிகழலாம். ஓதிப் பார்க்க வருபவர்களிடம் ஹஜ்ரத் அவர்கள், ஓதிவிட்டு, ‘மருத்துவரிடமும் காட்டுங்கள்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். அவர்கள் சொன்னால் கேட்கும் குடும்பங்கள், நான் எழுதினால் கேட்கமாட்டா. 2022 முதல் இயங்கும் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். நிக்காஹ் பேச்சில் நோயை மறைப்பது பற்றியும் உலமாக்கள் வாய் திறக்க வேண்டும். மணம் முடித்துவிட்டால் தெளிந்துவிடும் என்று நம்பி, இரு குடும்பங்களைக் கெடுத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. மருந்தால் நலமாக இருப்பவர் அதைச் சொல்லியே மணம் முடித்து நல்வாழ்வு வாழ்வதும் உண்டு. ஆனால் அக்கதைகள் வெளியே வருவதில்லை.

இத்தாவில் இருக்கும் பெண்ணின் நிலையே எனக்கு இன்னும் அரிய சிக்கலாகத் தோன்றுகிறது. கணவனை இழந்த நான்கு மாதம் பத்து நாளும் அவள் வீட்டோடு இருக்கிறாள். மருத்துவத் தேவைக்கு வெளியே செல்ல ஃபிக்ஹ் இடம் தருகிறது, ஆனால் அழுகையை மருத்துவத் தேவை என்று அவளும் எண்ணமாட்டாள், வீட்டாரும் எண்ணமாட்டார்கள். துக்கம் இயல்பானது, அதை அப்படியே விட வேண்டியதுதான். அது இயல்பின் எல்லையைக் கடக்கும்போது அறிவது யார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கச் சுகாதாரப் பணிப்பெண் வீட்டு வாசலுக்கே வருகிறார். அவ்வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவர் உள்ளறைக்கும் போய்ப் பத்து நிமிடம் அமரலாம். கேட்பதற்கு உலகெங்கும் வழங்கும் இரண்டு கேள்விகள் உள்ளன: கடந்த இரு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் தளர்ந்து, நம்பிக்கை அற்றுப்போனதாகத் தோன்றுகிறதா? இவற்றைத் தமிழில், அந்தத் தெருவின் பேச்சில், ‘அம்மா’ என்று விளித்துக் கேட்கத் தெரிந்தால் போதும். விடை சொல்ல அவள் நேரம் எடுத்துக்கொள்வாள். அதுவரை அவர் எழுந்துவிடாமல் இருக்க வேண்டும்.